கடிதம் கையில் இருந்தது, வீடு தேறவில்லை

குரோம்பேட்டைக்காரன்:

வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே வங்கியில் வீட்டுக் கடனுக்கு முன் ஒப்புதல் வாங்கியவர்கள் தங்கள் கதையை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

சம்பளச் சீட்டு, ஆறு மாதக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம் எல்லாம் கொடுத்த நான்காம் நாள், 50 லட்சம் ரூபாய் வரை கடன் தரத் தயார் என்று கடிதம் வந்துவிட்டது. மாமனார் அதைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துத் தந்தார். இரண்டாம் பக்கத்தை மட்டும் வீட்டில் ஒருவரும் புரட்டவில்லை. 'சொத்தின் சட்ட ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் உட்பட்டது' என்ற வரி அங்கேதான் இருந்தது.

22 வருடப் பழைய ஃபிளாட் ஒன்று பிடித்துப்போனது. விலை 62 லட்சம். "கடிதம்தான் கையில் இருக்கிறதே சார், இன்னும் என்ன யோசனை?" என்றார் தரகர். யோசிக்காமல் 3 லட்சம் முன்பணம் கொடுத்தேன்.

பிறகு வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல். அறை அறையாக அளந்துகொண்டே போனவர், சமையலறையை ஒட்டிய சிறு அறையில் நின்றுவிட்டார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது பால்கனி. அடைத்து அறையாக்கியிருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். விற்பவர் 960 சதுர அடி என்று சொல்லியிருந்தார். வரைபடக் கணக்கில் அவ்வளவு தேறவில்லை. கட்டடத்தின் வயதையும் கழித்து, மதிப்பு 55 லட்சம் என்று அறிக்கை போனது. அதில் 80 சதவீதம், அதாவது 44 லட்சம்தான் கடன்.

கையில் 12 லட்சமும் பத்திரச் செலவும் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது 18 லட்சம் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. அவை கடனில் சேரா. அறிக்கையைக் காட்டியதும் விற்பவர் ஒன்றரை லட்சம் குறைத்தார். மீதிக்கு வருங்கால வைப்பு நிதியில் கை வைத்தேன். வீடு வாங்கியாயிற்று. ஆனால் அந்த மூன்று வாரமும் தூக்கமில்லை. 3 லட்சம் போய்விடும் என்றே நினைத்தேன்.

மதுரைத் தோழி:

உங்களுக்கு அளவு நாடா, எனக்கு வாரிசுச் சான்றிதழ்.

தனி வீடு. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்கு எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பட்டாவும் விற்பவர் பெயரில். வங்கி வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். விற்பவரின் தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கிய இடம். உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மகன்கள் இருவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். வாரிசுச் சான்றிதழிலோ மூன்று பெயர். மூன்றாமவரான அவர்கள் அக்காவின் கையெழுத்து எங்கும் இல்லை! 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் சமபங்கு உண்டு. "சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு என்ன பங்கு?" என்று விற்பவர் எங்களிடமே கேட்டார். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் இல்லாமல் கடன் இல்லை என்று வங்கி சொல்லிவிட்டது.

அக்கா இலவசமாகக் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போட வேண்டும்? தன் பங்குக்கு ஒரு தொகை கேட்டு, அது கைக்கு வந்த பிறகே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார். இத்தனைக்குள் முன் ஒப்புதல் காலாவதியாகிவிட்டது. புதிய சம்பளச் சீட்டுகளோடு முதலிலிருந்து விண்ணப்பித்தோம். ஆனாலும் நான் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தேன்.

வங்கியில் இருந்தவர்:

இப்படிப்பட்ட கடிதங்களில் ஏராளமாகக் கையெழுத்திட்டவன் நான். அது உங்களுக்குக் கொடுத்த நற்சான்று, வீட்டுக்கு அல்ல. கடிதம் தரும்போது வீடு எது என்றே வங்கிக்குத் தெரியாது.

எவ்வளவு தருவது என்பதிலும் கிளை மேலாளர் இஷ்டத்துக்குப் போக முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மதிப்பு என்பது வங்கி ஒப்புக்கொள்ளும் மதிப்பு. தரகர் சொல்லும் விலை அல்ல.

இன்னொன்று. கடிதம் வந்த மகிழ்ச்சியில் ஒருவர் தவணையில் கார் எடுத்தார். பணம் விடுவிக்கும் முன் அவருடைய கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை மறுபடி எடுத்தோம். புதிய தவணை அதில் வந்து உட்கார்ந்திருந்தது. கடன் தொகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. என்மேல் இன்றும் அவருக்குக் கோபம்தான். வேலை மாறுகிறவர்களும் கிரயம் முடியும்வரை பொறுப்பது நல்லது.

தாம்பரம் வாசகி:

தோழி, அந்த ஒரு வரி என்ன? அடுத்த வாரம் முன்பணம் கொடுக்க இருக்கிறோம்.

மதுரைத் தோழி:

'வாங்குபவரின் வங்கி, உரிமை ஆவணங்களிலோ கட்டட அனுமதியிலோ குறை கண்டு கடனை மறுத்தால், விற்பவர் முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.' தரகர் முகம் சுளித்தார். விற்பவர் 30 நாள் கேட்டு, பிறகு 15க்குப் படிந்தார். வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு எழுதுங்கள். 'மதிப்பீடு குறைந்தாலும்' என்பதையும் சேருங்கள். குரோம்பேட்டைக்காரர் கதையைப் படித்த பிறகுதான் அதை நான் விட்டிருந்தது தெரிகிறது.