ஒண்டாரியோ ஏரியில் சால்மன் பிடிக்க வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். வரும் ஆகஸ்டில், டொரோண்டோவிலுள்ள மைத்துனரின் படகில் ஒண்டாரியோ ஏரிக்குச் சென்று சினூக் சால்மனும் ஏரி ட்ரௌட்டும் பிடிக்கவிருப்பதால், அங்கு அனுபவமுள்ளவர்களின் உதவியை நாடுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும், சுட்டுவிரலில் ரப்பர் துண்டைச் சுற்றி நைலான் கயிற்றைப் பிடித்தபடி, மேல்நீரிலேயே தூண்டிலை இழுத்துச் செல்வோம். மீன் அடித்ததை விரலே சொல்லிவிடும். ஆனால் கோடையில் அந்த ஏரியின் மேல்நீர் சூடாகிவிடுவதால், சால்மன் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் உள்ள ஆழத்தைத் தேடி இறங்கிவிடும் என்றும், ட்ரௌட் பெரும்பாலும் அதற்கும் கீழே, தரையையொட்டிக் கிடக்கும் என்றும் அறிகிறேன்.

எஃகுக் கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு, கவ்வியில் தூண்டில் நரம்பை மாட்டி இறக்கும் டவுன்ரிகர் மைத்துனரிடம் உள்ளது. மீன் இழுத்ததும் நரம்பு விடுபட வேண்டுமே, அதற்குக் கவ்வியை எவ்வளவு இறுக்குவது என்பதே என் முதன்மையான ஐயம். படகு ஓடும்போது கம்பி பின்னோக்கிச் சாயுமானால், குண்டு இருக்கும் உண்மையான ஆழத்தை எப்படிக் கணிப்பது? ட்ரௌட்டுக்குப் படகின் வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்? கவ்வி மாட்டும் முறைக்குப் படம் இருந்தால் அதையும் அன்புகூர்ந்து பகிருங்கள்.