நூர்டால் கிரீக்கை எப்படி நினைவில் வைப்பது?

செழியன்:
நார்வே நாடகாசிரியர், பத்திரிகையாளர் நூர்டால் கிரீக் (1902–1943) என்றாலே போரில் செத்த வீரர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாஸ்கோவில் ஸ்டாலின் தன் பழைய தோழர்களையே பொய் வழக்கில் கூண்டிலேற்றிக் கொன்றபோது, அந்த விசாரணைகளை நியாயம் என்று எழுதியவர் அவர். 1938இல் வந்த நாவலிலும் அதே நிலைப்பாடு. சோவியத்தில் தங்கி நேரில் பார்த்துவிட்டு வந்த ஆள். விவரம் தெரியாமல் எழுதினார் என்று எப்படி ஏற்பது?

மணிமொழி:
மாஸ்கோ விஷயத்தில் அவர் எழுதியது தப்பு, வாதமே இல்லை. ஆனால் நாடகங்களை விட்டுவிட்டுப் பேசுகிறீர்களே! 'நம் மானமும் நம் வலிமையும்', 1935. முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை நாடு. கப்பல் முதலாளிகளுக்குச் சரக்குக் கட்டணத்தில் பணம் கொட்டியது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை உடைக்க, மாலுமிகள் கடலில் செத்தார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த காட்சிகளாக வைத்தார். மேடையேற்றியது எங்கே? கப்பல் முதலாளிகள் கோலோச்சிய பெர்கனில், தான் பிறந்த ஊரிலேயே. இளவயதில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், அந்தக் கோபம் அங்கிருந்து வந்தது.

செழியன்:
மாலுமிக்காகக் கொதித்தவருக்கு மாஸ்கோ கைதி மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? என் கேள்வி அதுதான்.

அறவாழி:
1940ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி படையெடுத்ததும் நார்வே வங்கியின் ஏறத்தாழ 50 டன் தங்கத்தை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அதற்குக் காவலாகப் போனவர்களில் கிரீக்கும் ஒருவர். 1943 டிசம்பர் 2 இரவு, பெர்லின்மீது குண்டுவீசப் போன பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் நிருபராக ஏறினார். அதே தாக்குதலில் வேறொரு விமானத்தில் போன அமெரிக்க நிருபர் எட்வர்ட் முரோ உயிரோடு திரும்பினார். கிரீக்கின் விமானம் பெர்லினுக்குத் தென்மேற்கே கிளைன்மாக்னோவில் விழுந்தது. எழுதப்போவதை நேரில் பார்க்கவே உயிரைப் பணயம் வைத்தவர்.

செழியன்:
துணிச்சல்காரர், சரி. ஆனால் 1943இல் செத்ததற்காக 1937இல் எழுதியது நேராகிவிடாது.

மணிமொழி:
2011இல் நார்வேயின் உட்டோயா தீவில் பிள்ளைகளை ஒரு தீவிரவாதி சுட்டுக் கொன்ற பிறகு, நார்வே மக்கள் கூடிப் பாடியது இவருடைய 'இளைஞர்களுக்கு' பாடலைத்தான். பெற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

செழியன்:
அந்தப் பாட்டின்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. போர் என்பது உயிரை அவமதிப்பது என்று அதில் எழுதியது 1936இல். மாஸ்கோவின் முதல் விசாரணை அதே ஆண்டு ஆகஸ்டில். பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மணிமொழி:
சொல்லட்டும். பெர்கன் நாடகத்தையும் சேர்த்து.