டேனிஷ் பேசிய போக்கிமான்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வடகடல் (ஹெர்னிங்)

போக்கிமான் என்ற விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கும் ஒரு பெடியனின் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், இங்கே டென்மார்க்கில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் இருந்து வந்து இறங்கிய வருடம். வகுப்பில் நான் வாயே திறக்க மாட்டேன். டீச்சர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். ஒரு மழை நாள். இடைவேளைக்கு வெளியே போக முடியாமல் எல்லாரும் தாழ்வாரத்தில், ஈர மழைச்சட்டைகளுக்கு நடுவே நிற்கிறோம். ஒரு பெட்டை திடீரென்று, தொடரின் வில்லன்களான ராக்கெட் கும்பல் மாறி மாறிச் சொல்லும் வசனத்தின் முதல் வரியை, ஜெசியின் வரியை, எடுத்துவிட்டாள். ஜேம்ஸ் வரிக்கு ஆள் இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அடுத்தது, நான் அடுத்தது. கடைசியில் கும்பலின் பேசும் பூனை மியாவ்த்தின் வரியை ஒரு பெடியன் மழைச்சட்டைகளுக்குப் பின்னால் இருந்து கத்தினான்.

அந்த வகுப்பில் நான் பேசிய முதல் டேனிஷ் அதுதான். பாதிக்கு அர்த்தம் விளங்காது, ரிவி பார்த்துப் பார்த்தே மனப்பாடம். ஆனால் தாளம் அப்படிக் கச்சிதம், ஒரு வரியைச் சொன்னால் அடுத்தது வந்தே தீரும். அந்த வரிகளை டேனிஷில் எழுதியவரை எங்கேயாவது கண்டால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

அம்மம்மாவின் பேத்தி (ஓடென்ஸ)

தம்பி, உங்கள் கதை நல்ல கதை. ஆனால் டேனிஷில் எழுதியவருக்கு முழுப் பெருமையையும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்கு வந்தது ஜப்பானில் இருந்து நேரே வந்தது இல்லை. அங்கே 1997 ஏப்ரலில் தொடங்கிய தொடரை நியூயார்க்கில் ஃபோர்கிட்ஸ் என்ற நிறுவனம் எடுத்தது. பெயர்களை மாற்றியது, பின்னணி இசையில் நிறைய மாற்றியது, திரையில் தெரிந்த ஜப்பானிய எழுத்துகளை அழித்தது, 1998-ல் அமெரிக்காவில் ஓட்டியது. கோபன்ஹேகனில் குரல் கொடுத்தது அந்த அமெரிக்கப் பதிப்புக்குத்தான். நாயகன் சதோஷி ஆஷ் ஆனதும் அவன் கூட்டாளி கசுமி மிஸ்டி ஆனதும் டென்மார்க்கில் யாரும் எடுத்த முடிவு இல்லை.

என்னுடையது சோற்றுச் சம்பவம். சிநேகிதி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஷின் இன்னொரு கூட்டாளி பிராக்கின் கையில் வெள்ளை முக்கோணம், அதில் ஒரு கறுப்புப் பட்டை. என் அம்மம்மா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து ஆளுக்கொன்றாகக் கையில் வைப்பா. எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. "அது சோறு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அது கேக் வகை ஏதோ என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. சிநேகிதியின் அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, கேக்தான் என்று தீர்ப்புச் சொன்னா. வளர்ந்த பிறகு ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தேன், பிராக் அதை ஜெல்லி டோனட் என்கிறான்! அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஓனிகிரி என்ற ஜப்பானியச் சோற்று உருண்டை விளங்காது என்று நியூயார்க்கில் யாரோ நினைத்ததற்கு, ஃபூன் தீவில் இருந்த நான் ஏன் பொய்க்காரி ஆக வேண்டும்? அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் தலைமுறை (ஆர்ஹூஸ்)

அக்கா, சோற்று விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் டேனிஷ் ஆட்கள் கையில் எதுவுமே இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. ஆஷின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அவனுக்குக் குரல் கொடுத்தது ரிகா மட்சுமோட்டோ, அமெரிக்காவில் வெரோனிகா டெய்லர், இருவரும் பெண்கள். இங்கே அது மதியாஸ் கிளென்ஸ்க, ஆண். அதனால் எங்கள் ஆஷ் கோபப்படும்போது உண்மையான ஒரு பெடியன் கத்துவது போலவே இருக்கும். எனக்கு மற்ற இரண்டும் இன்றைக்கும் ஒட்டவில்லை. ஆஷின் மஞ்சள் போக்கிமான் பிகாச்சு மட்டும் எல்லா நாட்டிலும் இகுவே ஓத்தானியின் குரல்தான், அதை நியூயார்க்கும் தொடவில்லை, நம்மவர்களும் தொடவில்லை.

இன்னொன்று. நடுவில் ஒரு நிழல் உருவம் வந்து, இது எந்தப் போக்கிமான் என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? டொரொண்டோவில் சித்தப்பா வீட்டில் பதிந்து அனுப்பிய நாடாவில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வரிசையாக விளம்பரம் ஓடும். அப்போதைய டேனிஷ் சட்டப்படி இங்குள்ள சேனல்கள் நிகழ்ச்சியை நடுவில் வெட்டி விளம்பரம் போடக்கூடாது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில்தான் போடலாம். லண்டனில் இருந்து ஒளிபரப்பிய ரிவி3 போன்ற சேனல்கள் அந்தச் சட்டத்துக்குள் வராமல் தப்பின. அதனால் எங்கள் வீட்டில் ஓடியதில் கேள்வி வந்த கையோடு பதிலும் வந்துவிடும், மூச்சு விட நேரம் கிடையாது. இரவு வேலை முடித்து வந்து சோபாவில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் அப்பா, எந்த நிழல் வந்தாலும் "பிகாச்சு!" என்பார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். ஒருநாள் நிஜமாகவே பிகாச்சு. அப்பா எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது குறைவு.

ஸ்ட்ரூயர் மகள்

நான் யாரோடும் வாதாட வரவில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2000-ல் முதல் போக்கிமான் படம் தியேட்டருக்கு வந்தது. இங்கே பெரியவர்கள் படம் என்றால் மூலமொழியில் ஓட, கீழே எழுத்து வரும். சிறுவர் படத்துக்குத்தான் டேனிஷ் குரல். அம்மா அப்போது மொழிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தா. வேலை செய்த இடத்தில் எல்லாரும் மேற்கு யூலாண்ட் வட்டாரப் பேச்சு, சொல்லில் பாதியை விழுங்கிவிடுவார்கள். அம்மாவுக்குத் தலை கிறுகிறுக்கும். தியேட்டரில் நடிகர்கள் பேசியது தலைநகரத்து டேனிஷ், ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. அம்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, அவர்களோடு சேர்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தா.

ஆஷ் கல்லாகி, போக்கிமான்கள் எல்லாம் அழுமே, அந்த இடத்தில் அம்மாவும் அழுதா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்ததும் என்னை விட்டுவிட்டு நேரே ரிக்கெட் கொடுக்கும் பெடியனிடம் போய், அடுத்த கிழமையும் இந்தப் படம் ஓடுமா என்று டேனிஷில் கேட்டா. அவன் பதில் சொன்னான். திருப்பிக் கேட்காமலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமையும் போனோம். எனக்காக இல்லை.

அடையாறு டு அமாகர் (கோபன்ஹேகன்)

நான் வேலைக்காகச் சென்னையில் இருந்து வந்தவன், உங்கள் காலம் எனக்குத் தெரியாது. என் கதை 2016 ஜூலை 16, போக்கிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு டென்மார்க்கில் வெளியான நாள். கடற்கரைப் பூங்காவில் எட்டு வயதுப் பையன்கள் கூட்டமாக நின்று, வாய் நிறைய டேனிஷ் பேசிக்கொண்டு, திரையில் முழுக்க ஆங்கிலத்தைப் படிக்கிறார்கள். என் மகன் ஒரே நாளில் அவர்களோடு சேர்ந்துவிட்டான். அவ்வளவுதான் கதை.

ஆனால் புதிதாகப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டில் டேனிஷ் மொழித் தேர்வைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், கிடையாது. முதன்மைத் தொடர் விளையாட்டுகள் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ், கொரியன், சீனம் என்றுதான் வருகின்றன. பிள்ளைகள் சேர்த்து விளையாடும் போக்கிமான் சீட்டுகளும் அப்படியே, டச்சிலும் போலிஷிலும்கூட அச்சடித்தார்கள், இங்கே ஆங்கிலம்தான். ஒரு சின்ன நாட்டுக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்று நினைத்திருப்பார்கள். அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். விளையாட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும், தொடரை டேனிஷில் போடுங்கள், பார்த்த கதையை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்க விடாதீர்கள். அப்புறம், தொடரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கவும் வேண்டாம், ஓட விடுங்கள், அடுத்த அத்தியாயத்தில் அதே சொல் எப்படியும் திரும்ப வரும். சீட்டு வாங்கிக் கொடுத்தால் பள்ளியின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 பள்ளிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஆங்கிலம் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது, ஆகவே இப்போதைய பிள்ளைகளுக்குச் சீட்டைப் படிப்பது பெரிய கஷ்டம் இல்லை.

அம்மம்மாவின் பேத்தி (ஓடென்ஸ)

சமையலறைக்குப் போகாவிட்டால் இரவுச் சாப்பாடு யார் செய்வது, தம்பி? எங்கள் அம்மாக்கள் இரண்டு வேலை பார்த்தார்கள். அந்தத் தொடர் ஓடிய அரை மணி நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். டேனிஷ் குரல் இருந்ததால்தானே எங்களைத் தனியாக விடவும் முடிந்தது. எட்டு வயதில் கீழே ஓடும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும்.

வடகடல் (ஹெர்னிங்)

அடையாறு அண்ணா சொன்ன ஆங்கில விஷயத்தில் எனக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் காலத்தில் இங்கே ஆங்கிலம் நாலாம் வகுப்பில்தான் தொடங்கும். ஆனால் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்த போக்கிமான் சிவப்பு, நீலம் என்ற விளையாட்டுகள் இரண்டும் முழுக்க ஆங்கிலம், ஐரோப்பாவில் 1999 அக்டோபரில் வந்தவை. கொழும்பில் படித்ததால் எனக்குக் கொஞ்சம் வாசிக்க வரும்.

விளையாட்டில் சாஃப்ரன் நகர வாசலில் காவல்காரன் வழிவிட மாட்டானே, அங்கே வகுப்புப் பெடியங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். சண்டை போடப் பார்த்தார்கள், சுற்றி நடந்து பார்த்தார்கள், அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். தாழ்வாரத்தில் மியாவ்த் வரியைக் கத்தினானே, அவன் கேம்பாயைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். வாசித்தேன். காவல்காரனுக்குத் தாகம். எனக்குத் தெரிந்த டேனிஷில் "இவனுக்குத் தண்ணி வேணும்" என்று சொன்னேன். அவன் நம்பவில்லை, கடை மாடியில் உள்ள மெஷினில் குடிக்க ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தான். வழி திறந்தது. அன்று பின்னேரமே இன்னும் மூன்று கேம்பாய் என் மேசைக்கு வந்தன.

டேனிஷில் விளையாட்டும் வந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று மற்றவர்கள் சொல்லும்போது நானும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வருடம் மட்டும் அது வராமல் இருந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

ஸ்ட்ரூயர் மகள்

முதல் பாகத் தொடரின் டேனிஷ் நாடா யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். விஎச்எஸ் ஓட்டும் மெஷின் எங்கள் வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. அம்மா கேட்கிறா.