டேப்பும் சுவரும் போதும்: மவுன்டன் பைக் ஃபிரேம் அளந்து வாங்கிய அனுபவம்

எங்கள் பக்கத்துக் கடைகளில் மவுன்டன் பைக் கேட்டால், ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "உங்களுக்கு 27.5 சரியாக இருக்கும் சார்" என்று ஒரு வண்டியை நகர்த்திக்கொண்டு வருவார்கள். 26, 27.5, 29 என்பவை சக்கரத்தின் இன்ச் அளவுகள். வண்டி ஆளுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது ஃபிரேம். ஒரே 29 சக்கரத்தில் ஸ்மால் ஃபிரேமும் உண்டு, எக்ஸ்ட்ரா லார்ஜும் உண்டு. அக்காள் மகனுக்கு வண்டி எடுக்கத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கடை ஏறி இறங்கியபோது, இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்ன கடைக்காரர் ஒருவரையும் நான் காணவில்லை.

உயரத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதும் போதாது. மருமகனுக்கும் என் நண்பர் ஒருவருக்கும் உயரம் 168 செ.மீ.தான். ஆனால் வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால், நண்பருக்கு 79, மருமகனுக்கு 74. இந்த உள்கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். ஒருவருக்கு ஏறக்குறைய 70 செ.மீ., மற்றவருக்கு 65. கால் குட்டையானவருக்கு உடல் நீளம் என்பதால், சீட்டைத் தாழ்த்தியபின் அவருக்கு முன்புறம் இடம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 17, 18 போன்ற இன்ச் எண் பெரும்பாலும் சீட் டியூபின், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் இறங்கும் குழாயின், நீளம். அதைச் சில நிறுவனங்கள் குழாயின் மேல்முனை வரையும், சில நிறுவனங்கள் மேல்பார் வந்து சேரும் மையம் வரையும் அளக்கின்றன. மேல்பார் கிடைமட்டமாக இருந்த காலத்தில் அந்த எண்ணுக்குப் பொருள் இருந்தது. பார் பின்னோக்கிச் சரிந்துவிட்ட இன்றைய ஃபிரேம்களில், எண் சிறியதாக உள்ள வண்டியே நீளமானதாகவும் இருக்கக்கூடும்.

நம்பத்தகுந்தவை ரீச்சும் ஸ்டாக்கும். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில் பொருந்தித் திரும்பும் முன்புறக் குழாயான ஹெட் டியூபின் மேல்முனை மையம் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். நிறுவனத்தின் அட்டவணை கிடைக்காவிட்டால் கடையிலேயே அளந்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, முன்சக்கரம் சுவரைத் தொடும்படி வைத்தோம். சுவரிலிருந்து கிராங்க் மையம் 103 செ.மீ., ஹெட் டியூப் மையம் 61. கழித்தால் ரீச் 42. தரையிலிருந்து அளந்தபோது அதே புள்ளிகள் 30.5, 90.5, ஆகவே ஸ்டாக் 60. கடைப் பையன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வண்டியையும் அளப்போம் என்று தானே இழுத்து வந்து நிறுத்தினான்.

மலைச்சரிவில் பெடலின்மேல் எழுந்து நின்று இறங்குபவர்களுக்கு ரீச்சே தலையாய அளவு. புதிய வண்டிகளில் ரீச்சை நீட்டி, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குறுக்குவதும் அதற்காகத்தான். நமக்கு அப்படியொரு சரிவு எங்கே இருக்கிறது? திருவையாற்றுப் படுகையிலும் வெண்ணாற்றுக் கரையிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்தே மிதிக்கிற நாம், ஹெட் டியூபின் மேல்முனையிலிருந்து சீட் போஸ்ட் வரையிலான கிடைமட்ட நீளத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரீச் 42, ஸ்டாக் 60 என்றே வைத்துக்கொண்டாலும், சீட் டியூபின் சாய்வு 73 பாகையானால் அந்த நீளம் 60 செ.மீ.க்குச் சற்று மேல். 76 பாகையானால் 57. நின்று ஓட்டினால் ஒன்றாகத் தோன்றும் இரண்டு வண்டிகள், உட்கார்ந்ததும் 3 செ.மீ. மாறிவிடுகின்றன.

வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து நிற்கும்போது மேல்பாருக்கு மேல் விடவேண்டிய இடைவெளியிலும் நம் ஊருக்குக் கணக்கு வேறு. சமதரையில் 5 செ.மீ. போதும் என்பார்கள். ஆற்றுக்கரையில் வண்டியை நிறுத்தினால் ஒரு கால் தடத்தின் மேலும் மறுகால் சரிவிலும் ஊன்றுகிறது. மழை பெய்தால் வண்டல் மண் காலை இன்னும் கீழே வாங்கிக்கொள்ளும். ஆகவே 8 செ.மீ.யாவது இருக்கவேண்டும் என்று மருமகனிடம் வற்புறுத்தினேன்.

"ஹேண்டில் எட்டவில்லை என்றால் அப்புறம் சரிசெய்துகொள்ளலாமே, மாமா?" என்று அவன் கேட்டான். ஓரளவு முடியும். ஸ்டெம்முக்கு அடியில் 10 மி.மீ. வளையம் சேர்த்தால், ஹெட் டியூபுக்குள் செல்லும் ஸ்டியரர் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஹேண்டில் 9 மி.மீ. அளவுக்கு உயர்ந்து 4 மி.மீ. அளவுக்குப் பின்னால் வரும். ஸ்டெம்மை 10 மி.மீ. குட்டையாக மாற்றினால் கிட்டத்தட்ட அவ்வளவும் நெருங்கும். மேல்பாரின் உயரத்தை மட்டும் எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது. அவன் விரும்பிய லார்ஜில் காலுக்கும் பாருக்கும் இடையே 3 செ.மீ.கூட இல்லாததால், நிறம் பிடிக்காவிட்டாலும் மீடியத்தையே எடுத்தோம்.