மூக்கு எது, வால் எது: ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டருக்குப் பெயின்ட் அடித்த, ஸ்டிக்கர் ஒட்டிய பலரின் அனுபவங்கள்

கேனோப்பிக்கு (ஹெலியின் மூக்கை மூடும் ஓடு) பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று வரும் தம்பிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த டிசைன் எடுப்பா இருக்கும்?" மேசை மேல் வைத்துப் பார்த்தால் எல்லாமே எடுப்பாகத்தான் இருக்கும். எழுபது, எண்பது மீட்டர் தள்ளிப் போனதும் அதில் என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

விமானமென்றால் இறக்கை காட்டிக் கொடுத்துவிடும். ஹெலியில் ரோட்டார் (மேலே சுழலும் பிளேடுகள்) சுற்ற ஆரம்பித்ததும் அது வெறும் மங்கலான வட்டம். மிச்சமிருப்பது சின்னதாக ஒரு கேனோப்பி, ஒல்லியான பூம் (வால் குழாய்), வால் துடுப்பு. வெளிச்சமான வானத்துக்கு எதிரே போனால் நிறமெல்லாம் செத்து, கறுப்பு உருவம் மட்டும்தான் தெரியும். மூக்கு நம்மைப் பார்க்கிறதா, எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்பது சட்டென்று பிடிபடாது. நம்மைப் பார்த்து நிற்கும் ஹெலிக்கு ரிமோட்டின் ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால், நம் கண்ணுக்கு அது வலது பக்கம் போகும். ஊகம் தப்பினால் திருத்துகிறோம் என்று நினைத்து இன்னும் கெடுப்போம்.

நான் நேரில் பார்த்தது ஒன்று. நண்பர் ஒருவர் 600 அளவு என்ற பெரிய ரக ஹெலிக்குக் கறுப்பு வெள்ளைச் சின்னக் கட்டங்களாகப் போட்டு எடுத்து வந்தார். ஒவ்வொரு கட்டமும் நகம் அளவுதான், ஓரம் கத்தி மாதிரி சுத்தம். கையில் வாங்கிப் பார்த்த எல்லாரும் வாயைப் பிளந்தோம். மேகம் போட்ட நாள். ஹெலி கொஞ்சம் தூரம் போனதுமே கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மொத்தக் கேனோப்பியும் சாம்பல் நிறமாகிவிட்டது, மேகத்தின் அதே சாம்பல். அவர் கெட்டிக்காரர், தூரத்துக்கு விடாமல் உடனே திருப்பி இறக்கிவிட்டார். "ஒண்ணுமே தெரியலைப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை அதே ஹெலி வந்தபோது முன்பாதி முழுக்க மஞ்சள், பின்பாதி முழுக்கக் கறுப்பு.

என்னுடைய ஏற்பாடும் ஏறக்குறைய அதுதான். மூக்கில் ஃப்ளோரசன்ட் மஞ்சள், பின்னால் போகப் போகக் கறுப்பு, வால் துடுப்பு ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு. கேனோப்பியின் அடியில் குறுக்கே ஒரு பட்டையான கறுப்புக் கோடு. தலைகீழாகப் பறக்கவிடுகிறவர்களுக்கு மேலும் கீழும் வேறு வேறாகத் தெரிவது கட்டாயம். ஸ்கிட் (தரையில் ஊன்றும் கால்) வெள்ளையாக இருந்தால் இன்னும் உதவி. மண்டை ஓடு, தீ ஜுவாலை எல்லாம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பெரிய பட்டைகளுக்கு உள்ளே போடுங்கள்.

ஃப்ளோரசன்ட் பற்றி ஒரு வார்த்தை. அது கண்ணாடித்தனமான நிறம், அடியில் இருப்பதை மறைக்காது. சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தால் அழுக்கு மஞ்சள்தான் கிடைக்கும். கீழே சுத்தமான வெள்ளை இருக்க வேண்டும். வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் க்ளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) மேலே அடித்தால் வெளுப்பது தாமதமாகும், பதிலுக்கு ஒளிர்வு கொஞ்சம் குறையும். நான் க்ளியர் பக்கம்தான்.

*

முதலில் எழுதிய அண்ணன் நிறத்தோடு நிறுத்திவிட்டார், அதற்கு முந்தைய வேலையை நான் சொல்கிறேன். ஃபைபர் கிளாஸ் கேனோப்பி வைத்திருப்பவர்களுக்கு.

அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் மெழுகு தடவுவார்கள். அந்த மெழுகு கேனோப்பி மேலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சரியாகத் தெரியாது. பார்க்க ஒரு வழி உண்டு: குழாயடியில் பிடித்துத் தண்ணீரை ஓடவிடுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் மெழுகு இருக்கிறது. ஒரே ஏடாகப் பரவி, உடையாமல் வழிந்தால் சுத்தம். நான் புதிதாக வாங்கிய ஒன்றில் பக்கவாட்டெல்லாம் ஏடாகப் பரவியது. மூக்கின் வளைவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு முத்துகள் நின்றன. பெயின்ட் உரிவதும் வழக்கமாக அங்கேதான், காற்று நேராக அடிக்கும் இடம்.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். அதன் பிறகே உப்புத்தாள். இந்த வரிசை மாறக் கூடாது. கழுவாமல் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் நாமே அழுத்தி அடைத்துவிடுவோம். 400 தாளில் தொடங்கி 600-ல் முடிக்கிறேன், எல்லாம் தண்ணீரில் நனைத்துத்தான். உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலிலும் அரிக்கும்.

இரண்டு பாதியும் சேரும் கோட்டின் மேல் ஊசித் துளைகள் இருக்கும். மெல்லிய பட்டியை அட்டையால் அழுத்தி நிரப்பிவிடுங்கள். ப்ரைமர் மூடிக்கொள்ளும் என்று விட்டால் மூடாது. பளபளப்பு ஏற ஏற ஒவ்வொரு துளையும் கூப்பிட்டுக் காட்டும்.

*

நைட்ரோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இருந்தாலும் நான் இன்னும் அந்தக் கட்சி. மின்சார ஹெலிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நம் எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், அதோடு எண்ணெய், 15 முதல் 30 சதவீதம் நைட்ரோமெத்தேன். இது சாதாரண ஸ்ப்ரே கேன் பெயின்ட்டுக்கு ஒருவகையில் தின்னர்தான். சைலன்சர் வாய் பார்த்திருக்கும் பக்கத்தில் முதலில் பளபளப்பு போகும், அப்புறம் விரல் வைத்தால் பிசுபிசுக்கும், கடைசியில் துடைக்கும் துணியில் நிறம் ஏறும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்புவதில்லை. உடைந்த பழைய கேனோப்பித் துண்டில் அதே ப்ரைமர், அதே நிறம், அதே க்ளியர் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் ஒரு சொட்டு எரிபொருள் விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்ப்பேன். தடம் விழுந்தால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

தாங்கி நிற்பது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே யூரேத்தேன் க்ளியர். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கட்டும் துணி முகக்கவசம் இதற்கு ஒன்றும் செய்யாது, ஆஸ்துமா வரவழைக்கக்கூடிய சரக்கு. வீட்டு அறையிலோ மாடியிலோ அடிக்கும் வேலை இல்லை. நிறம் வரை நான் முடித்துவிட்டு, க்ளியரை மட்டும் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவேன். அவர்களிடம் தனி அறையும் காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் இருக்கும். ஒரு கதவுக்கு அடிக்கும்போது மிச்சமாகும் க்ளியரே நமக்குத் தாராளம்.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் க்ளியர் அதற்கும் மேலே வர வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் ஓரத்தில் புகுந்து, கோந்தை இளக்கி, ஸ்டிக்கரை நகர்த்தியே விடும்.

*

சின்ன ஹெலிகளில் வரும் தெளிவான பாலிகார்பனேட் கேனோப்பிக்கு ஆட்டமே வேறு. பெயின்ட் உள்பக்கம் அடிக்க வேண்டும். வெளியே தெரிவது பிளாஸ்டிக்கின் சொந்தப் பளபளப்பு, கீறல் விழுந்தாலும் நிறத்துக்குச் சேதமில்லை.

மூளைக்குக் கொஞ்சம் வேலை. வெளியே கடைசியில் வர வேண்டியது உள்ளே முதலில் வர வேண்டும். முதலில் கோடுகள், எழுத்துகள் (எழுத்தைத் திருப்பி வெட்ட மறக்காதீர்கள்), அப்புறம் கறுப்பு, அதன்பின் வெளிர் நிறங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை ஒரு பூச்சு. கடைசி வெள்ளை இல்லாவிட்டால் மஞ்சள் வழியாக உள்ளே இருக்கும் பேட்டரியின் நிழல் தெரியும்.

பெயின்ட்டும் இதற்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். தமியா என்ற மாடல் பெயின்ட் கம்பெனியில் பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கு, டிஎஸ் வரிசை ஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு. மாற்றி அடித்தால் நிற்காது: டிஎஸ் பூச்சு பாலிகார்பனேட் வளையும்போது செதில் செதிலாக விட்டுவிடும், பிஎஸ் ஸ்டைரீன் பக்கம் போகவே கூடாது. வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைப் பெயின்ட் முழுக்கக் காய்ந்த பிறகே உரியுங்கள். அந்தப் படலம் உரிந்து வரும் நிமிஷத்துக்காகவே நான் இந்த வகையை விரும்புகிறேன்.

கையால் அழுத்தினால் மடங்கி எழும் மிருதுவான பிளாஸ்டிக் கேனோப்பி என்றால் பெயின்ட்டை மறந்துவிட்டு வினைல் ஒட்டிவிடுங்கள். வளைகிற இடத்தில் பூச்சு வெடிக்கும்.

*

நான் ஸ்கேல் ஆள். அசல் ஹெலிகாப்டர் மாதிரியே ரிவெட், பதிவு எழுத்து, எச்சரிக்கை வாசகம் எல்லாம் வேண்டும். முதலில் எழுதிய அண்ணன் சொன்னது எங்களுக்குத்தான் வலிக்கும். யுஹெச்-1 ராணுவ ஹெலிகாப்டர் என்றால் ஆலிவ் பச்சை, அதுவும் பளபளப்பில்லாத மேட். மரங்களுக்கு முன்னால் போனால் அதைத் தேட வேண்டும், ராணுவம் அதற்காகத்தான் அந்த நிறம் அடித்தது! வால் ரோட்டார் முனையில் அசலிலேயே இருக்கும் எச்சரிக்கைப் பட்டையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே பறக்கவிடுவது என் வழி.

டெக்கலில் (மெல்லிய படல ஸ்டிக்கர்) எனக்குப் பிடித்தது தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் வாட்டர் ஸ்லைட். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம், எடுத்துத் துணி மேல் வைத்துக் காத்திருந்தால் படலம் தாளிலிருந்து தானாக வழுக்க ஆரம்பிக்கும். ஒட்டும் பரப்பு க்ளாஸாக (பளபளப்பாக) இருந்தே ஆக வேண்டும், முடிவில் மேட் வேண்டுமென்றாலும்கூட. மேட் பரப்பு நுண்ணோக்கியில் பார்த்தால் கரடுமுரடு. படலத்துக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு, எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்கும். அதனால் முதலில் க்ளாஸ் க்ளியர், அதன் மேல் டெக்கல், கடைசியில் மேட் க்ளியர்.

ரிவெட் வரிசை மேல் படிய வைப்பதற்கு மைக்ரோ சால் மாதிரி மென்மையாக்கும் திரவம் உண்டு. தொட்டு வைத்த கொஞ்ச நேரத்தில் படலம் மொத்தமும் சுருங்கி, நொய்ந்து, பார்க்கவே பதறும். கை வைக்கக் கூடாது. அந்த நிலையில் அது ஈரக் காகிதத்தைவிட மோசம், விரல் பட்டால் கிழிந்துவிடும். விட்டுவிட்டுப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது சுருக்கமெல்லாம் இழுபட்டு, ஒவ்வொரு ரிவெட்டின் தலையும் எழுத்துக்கு நடுவே எழும்பி நிற்கும், ஏதோ பெயின்ட்டாலேயே எழுதியதுபோல. ரிவெட்டே இல்லாத மாடல் என்றால், வெள்ளைக் கோந்தைச் சின்னச் சின்னச் சொட்டாக ஊசி முனையில் வைத்துப் போனால் ரிவெட் தயார்.

இங்க்ஜெட்டில் நாமே அச்சடித்த டெக்கல் என்றால், தண்ணீரில் போடும் முன் க்ளியர் அடித்து மையை அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரைந்து ஓடிவிடும். எந்த டெக்கலுக்கும் மேலே அடிக்கும் முதல் க்ளியர் வெறும் தூறலாக இருக்கட்டும். ஈரமாக ஊற்றினால் கரைப்பான் படலத்தைத் தின்றுவிடும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் லாக்கர் க்ளியரைத் தொடவே வேண்டாம், பூச்சு பால் நிறமாக வெளிறிவிடும்.

வினைல் ஸ்டிக்கருக்குச் சோப்புத் தண்ணீர்தான் நண்பன். ஓரிரு துளி சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரி செய்ய நேரம் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். மூக்கு வளைவில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி இழுத்துப் படிய வையுங்கள். கூர் மூலைகளைக் கத்தரித்து உருட்டிவிடுங்கள், காற்று முதலில் தூக்குவது மூலையைத்தான். கேனோப்பியை மாட்டும் ரப்பர் குரோமெட் ஓட்டைகளையும் காற்றுத் துளைகளையும் சுற்றிச் சுத்தமாக வெட்டிவிட வேண்டும். அழகுக்காகக் காற்றுத் துளையை மூடினால் உள்ளே ஸ்பீடு கன்ட்ரோலர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வேகும்.

குரோம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் கவனிக்க: அதில் உலோகப் படலம் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா நுனி மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான், அதன் மேல் உலோகத்தைப் போர்த்தினால் சிக்னல் மட்டுப்படும். ஆன்டெனா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

*

பிளேடு பற்றி யாரும் எழுதவில்லையே என்று வருகிறேன்.

கறுப்புக் கார்பன் பிளேடுக்கு முனையில் பளிச்சென்று பட்டை போட்டால் ரோட்டார் வட்டம் நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கேனோப்பியில் அரை கிராம் கூடக் குறைய இருந்தால் கேட்பாரில்லை. பிளேடு அப்படியில்லை. 325 மில்லிமீட்டர் பிளேடு போட்ட 450 அளவு என்ற சின்ன ரக ஹெலியை எடுத்துக்கொள்வோம். பிளேடின் முனை, நடுவில் சுழலும் தண்டிலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், வேகம் நிமிஷத்துக்கு 2800 சுற்று. முனையில் இருக்கும் எதையும் அதன் எடையைப் போல 3000 மடங்கு விசை வெளியே இழுக்கிறது. ஒரு பக்க ஸ்டிக்கர் மற்றதைவிட 0.1 கிராம் கூடுதல் என்றால், ரோட்டார் தலையை 300 கிராம் எடைக்குச் சமமான விசை நொடிக்கு 47 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும். முதலில் வால் துடுப்பு மங்கலாக அதிரும், அப்புறம் ஜைரோ (ஹெலி திரும்புவதை உணரும் சென்சார்) குழம்பும்.

அதனால் நான் பிளேடுக்கு ஸ்ப்ரே அடிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே துண்டிலிருந்து ஒரே அளவு வெட்டி, முன்விளிம்பைச் சுற்றி மடித்து, முனையிலிருந்து ஒரே தூரத்தில் ஒட்டுவேன். காற்று வந்து மோதும் பக்கம் ஓரம் இருக்கக் கூடாது. பிறகு பேலன்சரில் போட்டு, லேசான பக்கத்துக்குத் தெளிவான டேப். டிராக்கிங் (இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று) பார்க்க இரண்டு பிளேடுக்கும் வேறு வேறு நிறம் வேண்டுமென்றால் அதே டேப்பின் இரண்டு நிறங்களை வாங்குங்கள். வேறு வேறு டேப்புக்குத் தடிமன் வேறாக இருக்கும். ஸ்டிக்கர் ஓரம் கொஞ்சம் எழும்பினாலும் அழுத்தி ஒட்டிச் சமாளிக்காமல், இரண்டு பிளேடிலும் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.