வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்: அகராதிக் குறிப்புகள் பற்றி ஓர் ஐயம்

கேள்வி:
ஷேக்ஸ்பியர் நாடகங்களை மூலத்திலேயே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அகராதியில் சில சொற்களுக்கு 'ஆப்சலீட்' என்றும் வேறு சிலவற்றுக்கு 'ஆர்க்கெயிக்' என்றும் குறிப்பு இருக்கிறது. இரண்டும் பழைய சொற்கள்தாமே, பிறகு எதற்கு இரண்டு பெயர்கள்? இன்னொன்று: ஜூலியட் பேசும் புகழ்பெற்ற வரியில் வரும் 'வேர்ஃபோர்' என்பதற்கு 'எங்கே' என்று பொருள் கொண்டால், அடுத்து வரும் பேச்சு அதனோடு ஒட்டவேயில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, வழக்கிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்ட சொல்லையோ பொருளையோ குறிக்கும்; இரண்டாவது, அன்றாடப் பேச்சில் இல்லாவிட்டாலும் கவிதை, வழிபாடு, சட்டம் போன்ற இடங்களில் இன்னும் தலைகாட்டுவதைக் குறிக்கும். மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதற்கு 1755-ஆம் ஆண்டை எல்லையாக வைத்திருக்கிறது. சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்த ஆண்டும் அதுவே. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோ மறைந்த சொல்லின் முன்னால் சிறு குத்துவாள் குறி இடுகிறது.

மறுமொழி 2:
'வேர்ஃபோர்' என்பதன் பொருள் 'ஏன்', 'எதற்காக' என்பதே. பகைக்குடும்பத்துப் பெயரை நீ ஏன் சுமக்கிறாய் என்று கேட்பதால்தான், தந்தையை மறுத்துப் பெயரைத் துறந்துவிடு என்று அவள் தொடர்கிறாள்.

என்னைக் கேட்டால், அறியாத சொல்லைவிட அறிந்த சொல்லிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் அறியாத சொல்லுக்கு எப்படியும் அகராதியைத் திறப்போம். ஆவியின் பின்னே செல்ல முயலும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து இழுக்கும்போது, தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். இன்றைய பொருளில் 'விடுபவன்' என்று படித்தால் காட்சியே தலைகீழாகிவிடும். அங்கே அதன் பொருள் 'தடுப்பவன்'. தடை என்னும் அந்தப் பொருள் கடவுச்சீட்டின் முதல் பக்க வாசகத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுபோலவே 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'பிரிவென்ட்' என்பது 'முந்திச் செல்லுதல்' என்ற பொருளில் வருகிறது.

மறுமொழி 3:
'தவ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைவேண்டலில் வருவதால் அதைப் பலர் மரியாதைச் சொல்லாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது நம் 'நீ', 'யூ' என்பதே 'நீங்கள்'. நெருக்கமானவரையும் தாழ்ந்தவரையும் கடவுளையும் ஒருமையில்தான் அழைத்தார்கள். 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், எதிராளிக்கு அறைகூவல் கடிதம் எழுதப்போகும் சர் ஆண்ட்ரூவிடம், அவனை மூன்று முறை 'தவ்' போட்டு எழுதினாலும் தவறில்லை என்று சர் டோபி தூண்டிவிடுகிறார். அங்கே அந்த ஒருமையே வசை. ஒரே பாத்திரம் ஒரே காட்சியில் 'யூ'விலிருந்து 'தவ்'வுக்கு மாறினால், அந்த வரியில் நின்று, மாறியது அன்பாலா சினத்தாலா என்று பாருங்கள். பெரும்பாலான பதிப்புகளின் அடிக்குறிப்பில் இது இருக்காது.