ஒரு எல்போ ஒழுகினால் வீட்டுப் பைப் முழுவதையும் மாற்றணுமா?

மாடிவீடு:
வீடு கட்டி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாம் சுவருக்குள் பதித்த ஜி.ஐ. பைப். குளியலறைச் சுவரில் ஈரம் தெரிந்ததால் கொத்திப் பார்த்தோம். ஒரு எல்போ (பைப் திரும்பும் இடத்து வளைவு இணைப்பு) பக்கத்தில் மரை (திருகுப்புரி) அரித்துக் கசிகிறது. காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருகிறது, கொஞ்சம் ஓடவிட்டால் தெளிந்துவிடும். வந்து பார்த்த பிளம்பர், "ஒன்றைத் தொட்டால் அடுத்தது போகும், மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்கிறார். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதாதா? நல்ல டைல்ஸை உடைக்க மனசு வரவில்லை.

ஸ்பானர்:
பிளம்பர் சொன்னது சரி. ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அவ்வளவுதான். பூச்சு இருக்கும்வரைதான் இரும்புக்குப் பாதுகாப்பு. மரை வெட்டும் இடத்தில் பூச்சும் போகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. அதனால் முதலில் போவது இணைப்புகள்தான். வீடு முழுக்க ஒரே வயசுப் பைப், ஒரே தண்ணீர். ஒரு எல்போ போய்விட்டது என்றால் மற்றவை பின்னாலேயே வரிசையில் நிற்கின்றன.

கொத்தாதீங்க:
வரிசையில் நிற்பதை யார் போய்ப் பார்த்தது? குளியலறைச் சுவர் தினமும் நனைவது. பூச்சுவேலைக்குள் ஈரம் தங்கினால் பைப் வெளியிலிருந்தே அரிக்கும். அந்த எல்போ அப்படிப் போயிருந்தால், காய்ந்த சுவருக்குள் ஓடும் பைப்பும் கெட்டது என்று சொல்ல முடியாது.

பழுப்புத் தண்ணீரும் அப்படித்தான். வெந்நீரில் மட்டும் வந்தால் கீசரைப் பாருங்கள். தொட்டி இருந்தால் அடியில் வண்டல் இருக்கிறதா? வீட்டுக்குள் நுழையும் முன்பே நிறம் இருக்கிறதா? காலையில் யாரும் தண்ணீர் புழங்குவதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். எதையும் சோதிக்காமல் வீட்டையே கொத்தச் சொன்னால் லாபம் அவருக்கு, தூசி உங்களுக்கு.

மாடிவீடு:
பிடித்துப் பார்த்தேன். வெளி இணைப்பில் தெளிவாக இருக்கிறது. உள்ளே தண்ணீர், வெந்நீர் இரண்டும் பழுப்பு. இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது: மாடியில் ஷவர் ஓடும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் நூலாகிவிடும்.

ஸ்பானர்:
அப்புறம் என்ன? உள்ளே துரு மேடு மேடாக வளர்ந்து வழி சுருங்கிவிட்டது. குழாய்களை மூடிவைத்து பிரஷர் கேஜ் மாட்டினால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஓடவிட்டால்தான் வண்டவாளம் தெரியும். உள்விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். துருவின் சொரசொரப்பு அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

அந்த எல்போவைக் கழற்ற ரெஞ்ச் போட்டு முறுக்கினால், முறுக்கு சுவருக்குள் இருக்கும் அடுத்த மரைக்கும் போகும். அடுத்த ஈரம் அங்கே. உதிர்கிற துரு ஷவர் துளையிலும் வாஷிங் மெஷின் வலையிலும் போய் உட்காரும்.

கொத்தாதீங்க:
முறுக்கச் சொன்னது யார்? அந்தத் துண்டை ஹேக்சாவால் அறுத்து எடுத்து, பைப்பை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் கப்ளிங் போட்டு இணைக்கலாம். பைப்பில் மரையே வேண்டாம்.

தண்ணீர் குறைவதற்கும் முதல் சந்தேகம் வீட்டுக்கே தண்ணீரைத் திறந்து மூடும் மெயின் கேட் வால்வு மேல்தான் வரணும். பழைய கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியை மறித்து நிற்பது சகஜம். கைப்பிடி பாட்டுக்குச் சுற்றும், தகடு அசையாது. அதை மாற்றுவது அரை நாள் வேலை.

நீரோட்டம்:
இது நிஜமாகவே குழாயடிச் சண்டையாகிக்கொண்டிருக்கிறது. பைப் மாற்றுவது என்றால் பழையதைத் தோண்டி எடுப்பது என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டீர்கள். எதற்கு எடுக்கணும்? தண்ணீரை நிறுத்தி, வடித்து, முனைகளை அடைத்துப் பழைய பைப்பைச் சுவருக்குள்ளேயே விட்டுவிடலாம். புது லைனை வெளிச்சுவரிலோ, பைப் இறங்குவதற்கென்று விட்ட டக்டிலோ கொண்டுபோய், ஒவ்வொரு குழாய்க்கும் பின்பக்கமிருந்து துளை போட்டு உள்ளே விடலாம். டைல்ஸ் பெரும்பாலும் தப்பும்.

வெந்நீருக்கு சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி அல்லது பிபிஆர். தண்ணீருக்கு மட்டும் போடும் யூபிவிசி பிளாஸ்டிக்கை வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சூட்டில் தளர்ந்துவிடும்.

இன்னொன்று. பழைய பைப் எல்லாமே ஜி.ஐ. தானா என்று பார்த்துவிடுங்கள். மங்கலான சாம்பல் நிறம், காந்தம் ஒட்டாது, கத்தியால் சுரண்டினால் மிருதுவாக வெள்ளிபோல் பளபளக்கும் என்றால் அது ஈயம். அதை வைத்துக்கொண்டு விவாதம் வேண்டாம், போயே ஆகணும்.

கொத்தாதீங்க:
வெளியில் கொண்டுபோகலாம் என்பது நல்ல யோசனை, மறுக்கவில்லை. பிளாஸ்டிக் மேல்தான் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை வீடு வீடாக பாலிபியூட்டிலீன் குழாய் போட்டார்கள். மலிவு, துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். தண்ணீரிலிருந்த குளோரின் பைப்பையும் இணைப்புகளையும் அரித்து வெடிப்பு விட, கடைசியில் வழக்கு, நஷ்ட ஈடு. 40 வருஷம் ஓடிய இரும்பைக் குறை சொல்லும் முன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

நீரோட்டம்:
பாலிபியூட்டிலீன் வேறு, சிபிவிசி வேறு. ஒரு பிளாஸ்டிக் தோற்றதற்கு எல்லாப் பிளாஸ்டிக்கையும் தள்ளிவைத்தால், வெளியிலிருந்து அரித்த எல்போவை வைத்து மற்ற பைப்பைப் பழிக்கக் கூடாது என்ற உங்கள் வாதமே அடிபடுகிறதே!

பிளாஸ்டிக்கில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது வெயில். மேலே பெயின்ட்டோ உறையோ இல்லாமல் வெளியில் விட்டால் வருஷங்கள் போகப் போக நொறுங்கும் தன்மை வரும். இரண்டாவது, சூட்டில் நீளும். பிபிஆர் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.15 மி.மீ. நீளும். பத்து மீட்டர் வெந்நீர் லைனில் 40 டிகிரி ஏறினால் 60 மி.மீ. சிபிவிசி அதில் பாதிக்கும் குறைவு, செம்பு மிகக் கொஞ்சம். கிளாம்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் பைப் பாம்பு மாதிரி நெளியும், எல்போவில் விசை ஏறும். நகர இடம் விட்டு, நீளமான லைனில் ஒரு வளைவும் கொடுக்கணும். பல பேர் செய்வதில்லை, அப்புறம் பைப்பைக் குறை சொல்கிறார்கள்.

எர்த்வயர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். யாருமே மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் வயரைக் கட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு அடி பிளாஸ்டிக் வந்தாலும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். கீசர் வேலை செய்துகொண்டே இருக்கும், எர்த் மட்டும் இருக்காது. ஒரு எல்போ மாற்றினாலும் சரி, வீடே மாற்றினாலும் சரி, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழுதான வயரால் பைப்பில் மின்சாரம் ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் அறுக்கும்போதும் கவனம்.

மாடிவீடு:
இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு பச்சை வயர் பைப்பை நோக்கித்தான் போகிறது.

இப்படிச் செய்யலாமா? முதலில் எர்த். அப்புறம் கேட் வால்வு. ஒழுகும் துண்டை அறுத்து எடுத்து உள்ளே எவ்வளவு வழி மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து முடிவு.

ஸ்பானர்:
செய்யுங்கள். ஆனால் அந்த ஒரு துண்டோடு நிறுத்தாதீர்கள். வெந்நீர் லைனில் கீசரை ஒட்டி இன்னொரு துண்டு எடுங்கள், துரு அங்கேதான் வேகமாக வளரும். இரண்டிலும் சுண்டுவிரல்கூட நுழையவில்லை என்றால் நீரோட்டம் சொன்னபடி வெளியில் புது லைன்.

கொத்தாதீங்க:
நுழைந்தால் கப்ளிங் போட்டு மூடிவிடுங்கள், அப்போது யாரும் புது லைன் பேச்சை எடுக்கக் கூடாது. எது செய்தாலும் சுவரைப் பூசும் முன் எல்லா முனைகளையும் அடைத்து, அழுத்தம் ஏற்றி ஒழுகுகிறதா என்று டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். புது லைன் என்றால் புழக்கத்தில் இருக்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றலாம், பழைய பைப்பில் அப்படி ஏற்ற வேண்டாம். தண்ணீரால்தான், கம்ப்ரஸர் காற்றால் வேண்டாம். பிளாஸ்டிக் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும்.

மாடிவீடு:
சரி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டேன். துண்டை அறுத்ததும் படம் போடுகிறேன்.